தோலுக்குள்ள ஒரு டிச் பட்டன்

நாய் கடிக்கும், எறும்பு கடிக்கும். நம்ம ஊரில் செருப்பும் கடிக்கும். கல்ச்சுரல்ஸ் அன்றைக்கு ஃப்ரெண்டிடம் இரவல் வாங்கின ஷூவில் நாள் பூரா திரிந்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், குதிகாலுக்கு மேலே பளபளவென்று ஒரு கொப்புளம். உள்ளே தண்ணீர். அதை சேஃப்டி பின்னால் குத்தலாமா கூடாதா என்று ரூமில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். (குத்தாதீங்க பாஸ். மேலே மூடியிருக்கிற அந்தத் தோல்தான் ஓசியில் கிடைத்த நல்ல பேண்டேஜ்.)

சரி, அந்தத் தண்ணீர் எங்கே நிற்கிறது? தோலுக்கும் சதைக்கும் நடுவில் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். தோலின் வெளிப்பகுதியான மேல்தோல் இருக்கிறதே, அதுவே பல அடுக்கு. செருப்புக் கடியில் கிழிவது அந்த மேல்தோலின் நடு அடுக்கு. அதிலும் வேடிக்கை, அங்கே பக்கத்துப் பக்கத்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று போவதைவிட, செல்லே நைந்து கிழிந்துபோவதுதான் அதிகம். கைகோத்து நிற்கிற ரெண்டு பேரை ரெண்டு பக்கமும் இழுத்தால், கோத்த கை விடாமல் தோள்பட்டை பிய்ந்து வருகிற மாதிரி. கொஞ்சம் கொடூரமான உதாரணம்தான், மன்னிக்கவும்.

அப்படின்னா அந்தப் பிடி எப்பேர்ப்பட்ட பிடி! இந்த வாரம் அதைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் மெஸ் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2003. நான் செகண்ட் இயர். மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் ஒருவர். "போதுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிற ரகம். அந்த வருஷம் அவருக்கு வாய்ப்புண் வந்தது. நாலு நாளில் ஆற வேண்டிய புண், நாலு மாசம் ஆகியும் ஆறவில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மணத்தக்காளிக் கீரை, ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு ஊற்றின சாம்பாரை அவரால் சாப்பிட முடியாது. தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து கண்ணில் தண்ணீரோடு விழுங்குவார். அப்புறம் கழுத்தில், மார்பில் கொப்புளம். அது உடைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டு ஈரமாகத் தெரியும்.

நாங்கள் என்ன செய்தோம்? வார்டனுக்கு ஒரு பெட்டிஷன் கொடுத்தோம். தொற்று நோய் உள்ளவரைப் பரிமாற விடக் கூடாது, இப்படிக்கு, கீழே கையெழுத்திட்ட நாற்பது பேர். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. லெட்டரை எழுதினதும் நான்தான். எனக்குத் தமிழ் நல்லா வரும் என்று பசங்களே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ரெண்டு நாளில் அண்ணனைக் காணோம்.

மீதிக் கதை அப்புறம். இப்போ தோலுக்குள் போகலாம்.

உடம்பின் பெரும்பாலான இடங்களில் மேல்தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவு. உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் நல்ல தடி. இந்தத் தாளுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. இருப்பது எல்லாம் அடுக்கடுக்காக செல்கள். அடி வரிசையில் இருக்கிற செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். புதுசாகப் பிறந்தது பழசை மேலே தள்ளும். மேலே போகப் போக செல் தட்டையாகும், கெட்டியாகும், கடைசியில் செத்து உதிரும். அடியிலிருந்து உச்சிக்குப் போய் உதிர ஒரு மாசம், ஒன்றரை மாசம்.

சிக்கலே இதில்தான். சாயங்கால டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பின்படியில் ஏறின கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன்படியில் இறங்கணும். ஆனால் ஒரு கண்டிஷன்: நகரும்போது யாரும் பக்கத்தில் இருக்கிறவன் கையை விடக் கூடாது. இன்னொரு கண்டிஷன்: கூட்டத்துக்கு நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. எந்தக் கண்டக்டராலும் ஆகாத காரியம். உங்கள் தோல் இதை உங்களிடம் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது.

எப்படி என்று பார்க்க ஆரம்பித்தது 1860-களில். மைக்ராஸ்கோப்பில் தோலைப் பார்த்தவர்களுக்கு நடு அடுக்கு செல்களின் மேலெல்லாம் முள் முளைத்தாற்போலத் தெரிந்தது. ஸூவாலஜி, மெடிக்கல் மக்களுக்குத் தெரியும். ஸ்ட்ராட்டம் ஸ்பைனோசம் என்று ரெக்கார்டில் வரைந்து, பென்சிலால் முள்ளு முள்ளாக ஷேட் கொடுத்து, மேடத்திடம் கையெழுத்து வாங்குவோமே, அதே முள். ஒரு ரகசியம் சொல்லட்டுமா? உயிருள்ள தோலில் அந்த முள்ளே கிடையாது. ஸ்லைடு தயார் பண்ணும்போது கெமிக்கல்கள் பட்டு செல் சுருங்குகிறது. சுருங்கும்போது எல்லா இடத்திலும் பக்கத்து செல்லைவிட்டு விலகுகிறது. கெட்டியாகப் பிடித்திருக்கிற இடங்களில் மட்டும் விலக முடியாமல் இழுபட்டு நிற்கிறது. இழுபட்ட இடம் முள்ளாகத் தெரிகிறது. ஆக, நாம் வரைவது ஒரு விபத்தின் படம். ஆனால் எந்த இடத்தில் பிடி இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததும் அந்த விபத்துதான்.

அந்த முட்கள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகிற பாலம், உள்ளிருக்கும் சரக்கு அதன் வழியாக ஓடுகிறது என்று பல பேர் நினைத்தார்கள். இத்தாலியில் பாவியா நகரத்தில் ஜூலியோ பிட்ஸோஸெரோ என்ற ஒரு மாணவர் வேறு மாதிரி பார்த்தார். முள்ளின் நடுவில் சின்னதாக ஒரு முடிச்சு தெரிகிறது. பாலம் இல்லை, ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து அங்கே ஒட்டியிருக்கிறது என்பது அவர் முடிவு. 1864-ல் இந்த முள் செல்களைப் பற்றி அவருடைய கட்டுரை வந்தபோது அவருக்கு வயசு 18. இன்னும் டிகிரி கூட வாங்கவில்லை. (நாமெல்லாம் 18 வயசில் பெட்டிஷன் எழுதிக்கொண்டிருந்தோம்.) இதே ஆள்தான் பின்னாளில், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டைத் தனி அணுவாக அடையாளம் காட்டினார். வியாதியைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அவர் பெயர் பழக்கம், நமக்குத்தான் இல்லை.

அவர் சொன்னது சரியா தப்பா என்று முடிவாகத் தெரிய கிட்டத்தட்ட 90 வருஷம் ஆனது. காரணம் சிம்பிள். சாதாரண மைக்ராஸ்கோப்பால் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. அந்த முடிச்சின் மொத்த அளவே அரை மைக்ரானுக்குள். தலைமுடி ஒன்றின் குறுக்களவில் 200 முடிச்சை வரிசையாக வைக்கலாம். எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1920-ல் யோசெஃப் ஷாஃபர் என்பவர் அந்தப் புள்ளிக்கு டெஸ்மோசோம் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் டெஸ்மோஸ் என்றால் கட்டு. பெயர் வைத்தாயிற்று, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் தோலின் பக்கம் திரும்பியது. 1958-ல் ஜார்ஜ் ஆட்லண்ட் மனிதனின் மேல்தோலில் செல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை நுணுக்கமாக எழுதினார். பாலமும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தனக்கென்று முழுச் சுவர் கொண்ட தனி வீடு. ரெண்டு சுவருக்கு நடுவில் சுமார் 30 நானோமீட்டர் சந்து. சந்தின் ரெண்டு பக்கமும், நேருக்கு நேராக, கருப்பாக ஒரு தகடு. சந்தின் நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு வரி. அந்த 18 வயசுப் பையன் சரி.

இப்போ உங்கள் அம்மாவின் ஜாக்கெட்டையோ, ஒரு குழந்தைச் சட்டையையோ எடுத்துப் பாருங்கள். டிச் பட்டன் இருக்கும். இந்தப் பக்கம் குமிழ், அந்தப் பக்கம் குழி, அழுத்தினால் டிச். டெஸ்மோசோம் கிட்டத்தட்ட அதுதான். ஒரே வித்தியாசம், இதில் குமிழ், குழி என்று பிரிவு கிடையாது. ரெண்டு செல்லிலிருந்தும் ஒரே மாதிரியான புரத இழைகள் சந்துக்குள் நீண்டு வந்து, நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்த இழைகளின் பெயர் டெஸ்மோக்ளீன், டெஸ்மோகோலின். இந்தப் பேரெல்லாம் பரீட்சைக்கு வராது, ஆனால் டெஸ்மோக்ளீனை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெஸ் அண்ணன் கதைக்கு வேண்டும்.

டெய்லரிங் தெரிந்தவர்களைக் கேளுங்கள். மெல்லிய துணியில் பட்டனை அப்படியே தைத்தால் நாலு நாளில் பட்டன் இருக்கும், துணி இருக்காது. அதனால் உள்பக்கம் கேன்வாஸ் வைத்துத் தைப்பார்கள். செல்லின் சுவர் ரெண்டு மூலக்கூறு தடிமனில் ஒரு கொழுப்புப் படலம். நம் மெல்லிய துணியெல்லாம் அதன் பக்கத்தில் ஜமக்காளம். அதில் பட்டன் நிற்குமா? நிற்காது. அதற்காக உள்பக்கம் கருப்புத் தகடு. பிளாக்கோகுளோபின், பிளாக்கோஃபிலின் என்று ஒரு அடுக்கு. அதற்கும் உள்ளே டெஸ்மோபிளாக்கின் என்ற நீளமான புரதம். அது போய்ப் பிடிப்பது கெரட்டின் கயிறுகளை. செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கயிறு அது. நம் முடியிலும் நகத்திலும் இருக்கிற அதே கெரட்டின் குடும்பம். கயிறு ஒரு பட்டனிலிருந்து இன்னொரு பட்டனுக்கு ஓடுகிறது. அடுத்த செல்லில் அங்கிருந்து இன்னொரு பட்டனுக்கு. உங்கள் கையை யாராவது பிடித்து இழுத்தால், அந்த இழுப்பு ஒரு செல்லோடு நிற்பதில்லை. பட்டன், கயிறு, பட்டன், கயிறு என்று ஆயிரக்கணக்கான செல்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தோல் ஒரு துணி மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

இந்தப் பட்டனுக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். சோதனைச் சாலைத் தட்டில் புதுசாக செல்களை வளர்த்தால், அதன் பட்டன்கள் கால்சியம் இருந்தால்தான் மாட்டியிருக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் கழன்றுவிடும். ஆனால் உடம்பில் இருக்கிற தோலில் பட்டன் ஒரு படி மேலே போய், கால்சியம் இல்லாவிட்டாலும் கழலாத அளவுக்குப் பூட்டிக்கொள்கிறது. காயம் பட்டால் மட்டும், காயத்தின் ஓரத்தில் இருக்கிற செல்கள் பூட்டைத் திறந்து பழைய லூஸான நிலைக்கு வருகின்றன. அப்போதுதானே நகர்ந்து போய் ஓட்டையை அடைக்க முடியும்! மான்செஸ்டரில் டேவிட் கேரடின் குழு இதை விவரமாக ஆராய்ந்திருக்கிறது.

மேலே போய்ச் செத்த செல்லுக்கு இந்தப் பிடி தேவையில்லை. அங்கே சில என்சைம்கள் கத்தரிக்கோலோடு காத்திருக்கும். பட்டன்களை அளவாக வெட்டிவிட, செல் ஒவ்வொன்றாக நமக்குத் தெரியாமல் உதிர்கிறது. இன்றைக்குக் காலையிலிருந்து நீங்கள் எவ்வளவு உதிர்த்திருப்பீர்களோ. இந்த வேலையைத் தோலே ஒழுங்காகப் பார்க்கும்போது, வாரம் மூன்று தடவை வால்நட் ஓட்டுப் பொடி கலந்த ஸ்க்ரப் போட்டு மூஞ்சியை உப்புத்தாளால் தேய்க்கிற மாதிரி தேய்ப்பது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. காசு உங்கள் காசு.

டெஸ்மோசோம் மட்டும்தான் பிடியா என்றால், இல்லை. ஆக்டின் நாரைப் பிடித்துக்கொள்ளும் அட்ஹெரன்ஸ் ஜங்ஷன் உண்டு. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு சின்னச் சின்ன மூலக்கூறுகளைக் கடத்துகிற நுண்குழாய் உண்டு, அதற்கு கேப் ஜங்ஷன் என்று பெயர். பாலம் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னவர்கள் முழுத் தப்பும் இல்லை. பாலம் இருக்கிறது, ஆனால் அவர்கள் கை நீட்டின இடத்தில் இல்லை.

பஸ் உதாரணத்தில் தண்ணீர் போகக் கூடாது என்றேன் இல்லையா? அந்த வேலைக்கு மேலடுக்கில், செல் சாவதற்குச் சற்று முன்னால், டைட் ஜங்ஷன் என்று ஒரு சீல். கிளாடின் என்ற புரதம் ரெண்டு செல்லையும் இடைவெளியே இல்லாமல் தைத்துவிடுகிறது. 2002-ல் ஜப்பானில் ஷோய்சிரோ சுகிதாவின் குழு, கிளாடின்-1 இல்லாத எலிக்குட்டிகளை உருவாக்கிப் பார்த்தது. பார்க்க நல்ல குட்டிகள்தான். பிறந்த ஒரு நாளுக்குள் தோல் வழியாகத் தண்ணீர் வெளியேறியே செத்துப்போயின. அந்த சீல் இருக்கிற அடுக்கில் செல்லின் வடிவம் என்ன தெரியுமா? 14 முகம் கொண்ட, அழுத்தித் தட்டையாக்கின ஒரு உருவம். 1887-ல் லார்ட் கெல்வின், இடத்தை இடைவெளி இல்லாமல் நிரப்ப மிகக் குறைந்த பரப்பு உள்ள வடிவம் எது என்று கணக்குப் போட்டு முன்வைத்தாரே, அதே வடிவம். 2016-ல்தான் ஒரு ஆராய்ச்சிக் குழு இதைத் தோலில் கண்டு எழுதியது. இந்த வடிவத்தால் ஒரு செல் வெளியேறுவதற்கு முன்பே அதற்குக் கீழே புது சீல் தயாராகிவிடுகிறது. முன்படியில் ஒருவன் இறங்கும்போதும் பஸ் ஒழுகாது. பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இனி மெஸ் அண்ணன்.

பெட்டிஷன் கொடுத்து ரெண்டு மூன்று மாசம் இருக்கும். ரூம்மேட்டின் அப்பாவை அட்மிட் பண்ணியிருந்த அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வழி தவறி தோல் வார்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு கட்டிலில் பெட்ஷீட்டுக்குப் பதில் வாழை இலை விரித்திருந்தார்கள். அதன் மேல் சட்டை இல்லாமல் மெஸ் அண்ணன். முதுகு பூரா தோல் உரிந்து செக்கச்செவேலென்று இருந்தது. துணி பச்சைப் புண்ணில் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது இன்னும் உரிந்து வரும். இலை ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று அங்கே இருந்த பி.ஜி. டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். "சாப்டீங்களா தம்பி?"

டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இது ஒட்டுமா? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒட்டாது. ஒட்டாததுதான் வியாதியே" என்றார். அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

வியாதியின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். கிருமி கிடையாது. கிருமியை அடிக்க வேண்டிய நம் உடம்பின் ஆன்டிபாடி, ஆள் தெரியாமல் டெஸ்மோக்ளீனை அடிக்கிறது. சொந்த ராணுவமே சட்டையின் பட்டனைப் பிய்க்கிறது. 1964-ல் எர்ன்ஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டன் என்ற ரெண்டு பேர் நோயாளிகளின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள். 1982-ல் அதைப் பிரித்தெடுத்துப் பிறந்த எலிக்குட்டிக்கு ஏற்றிப் பார்த்தபோது அதற்கும் கொப்புளம் வந்தது. அடிபடுகிற ஆள் டெஸ்மோக்ளீன்-3 என்பது 1991-ல் மசயுகி அமகாய், ஜான் ஸ்டான்லி குழுவின் வேலை.

வாயில் ஏன் முதலில்? இதைக் கேட்டபோதுதான் எனக்குள் ஒரு லைட் எரிந்தது. டெஸ்மோக்ளீனில் 1, 3 என்று ரகம் உண்டு. தோலில் ரெண்டு ரகமும் உண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று ஸ்பேர் பட்டனாகத் தாங்கும். வாயின் உள்பக்கம் பெரும்பாலும் 3-தான், ஸ்பேர் போதாது. ஆன்டிபாடி 3-ஐ மட்டும் அடிக்கிற வரைக்கும் வாய் மட்டும் புண்ணாகும். நாள் போகப் போக 1-ஐயும் அடிக்க ஆரம்பித்தால் தோலும் போகும். அண்ணன் நாலு மாசம் தயிர் சாதம் சாப்பிட்டதும், அப்புறம் சட்டை ஈரமானதும் இதே வரிசை. நாங்கள் அதைத் தினமும் மூன்று வேளை நேரில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெம்ஃபிகஸ் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் செய்கிற ஒரு சின்ன சோதனை உண்டு. நல்லாத் தெரிகிற தோலின் மேல் விரலை வைத்து அழுத்தி லேசாகத் தள்ளுவது. மேல் பகுதி வழுக்கிக்கொண்டு வரும். பியோத்தர் நிக்கோல்ஸ்கி என்ற ரஷ்ய டாக்டர் 1890-களில் சொன்னது. இன்றும் வார்டில் அவர் பெயரைச் சொல்லித்தான் பார்க்கிறார்கள். தோலைத் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், பிளவு அடி வரிசைக்கு நேர் மேலே இருக்கும். அடி வரிசை செல்கள் மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஆளும் இல்லாமல், மேலே கூரையும் இல்லாமல், கல்லறைக் கற்கள் மாதிரி வரிசையாக நிற்கும். பாடப் புத்தகத்திலேயே அதற்கு அந்தப் பெயர்தான்.

இதே பட்டனைக் குறிபார்க்கிற பாக்டீரியா கூட உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் சில வகைகள், டெஸ்மோக்ளீன்-1-ஐ மட்டும் கச்சிதமாக ஒரே இடத்தில் வெட்டுகிற ஒரு நச்சு வைத்திருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு வெந்நீர் கொட்டின மாதிரி தோல் உரியும். வாய் மட்டும் தப்பிக்கும். ஏன் என்று இப்போ நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2000-ல் அமகாய் குழு இதைச் சொன்னபோது, மனிதன் 27 வருஷத்தில் கண்டுபிடித்த பட்டனை பாக்டீரியா என்றைக்கோ கண்டுபிடித்திருந்தது தெரிந்தது.

பட்டன் தோலில் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரீஸ் நாட்டில் நாக்ஸோஸ் என்று ஒரு தீவு. அங்கே சில குடும்பங்களில் பிறக்கும்போதே கம்பளி மாதிரி சுருண்ட முடி, வளர வளர உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும், இளவயதில் இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம். முடிக்கும் கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? 2000-ல் விடை கிடைத்தது. பிளாக்கோகுளோபினின் ஜீனில் பழுது. நம் கேன்வாஸ் அடுக்கு. நிற்காமல் இழுபடுகிற தோலிலும், நிற்காமல் இழுபடுகிற இதயத் தசையிலும் ஒரே டெய்லர்தான்.

அடி வரிசை தரையைப் பிடித்திருக்கிறது என்றேன். அந்தப் பிடிக்கு ஹெமிடெஸ்மோசோம் என்று பெயர், பாதி டெஸ்மோசோம் என்று அர்த்தம். பார்க்கத்தான் பாதி, உள்ளே இருக்கிற புரதங்கள் பெரும்பாலும் வேறு. அது ஊன்றி நிற்கிற பசை லாமினின்-332. பிறவியிலேயே இந்தப் பசை சரியில்லாத குழந்தைகளைத் தூக்கினாலே தோல் கழன்று வரும். பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பார்கள். இறக்கையைத் தொட்டால் பொடி உதிர்கிற மாதிரி. அழகான பெயர், ஆனால் அந்த அம்மாக்களுக்கு அந்த அழகு தேவையா என்று தெரியவில்லை.

2015 ஜூனில் ஜெர்மனியின் போகும் நகரத்தில் இப்படி ஒரு 7 வயசுப் பையனைக் கொண்டுவந்தார்கள். சிரியாவிலிருந்து வந்த குடும்பம். மேல்தோலில் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்பாவின் தோலை எடுத்து வைத்துப் பார்த்தும் உடம்பு ஏற்கவில்லை. வலியைக் குறைத்து வழியனுப்பத் தயாராக இருந்த நிலை. இத்தாலியில் மோடெனா நகரத்து மிக்கேலே டி லூக்கா குழு, பையனின் தொடை இடுக்கில் இன்னும் கெடாமல் இருந்த 4 சதுர சென்டிமீட்டர் தோலை வாங்கிக்கொண்டது. ஒரு தபால்தலை அளவு. அதன் செல்களில் சரியான லாமினின் ஜீனை வைரஸ் மூலம் நுழைத்து, தாள் தாளாக வளர்த்துக் கொடுத்தது. அக்டோபரில் கை கால், நவம்பரில் முதுகு, 2016 ஜனவரியில் மீதி. மொத்தம் உடம்பின் 80 சதவிகிதத் தோல் புதுசு. பிப்ரவரியில் பையன் வீட்டுக்குப் போனான். 2017 நவம்பரில் நேச்சர் இதழில் வந்தது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தோல் கொப்புளம் இல்லாமல் நின்றது. ஹெமிடெஸ்மோசோம்கள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல இருந்தன. ஃபுட்பால் கூட ஆடுகிறானாம். விழுந்து எழுந்திருப்பான், முட்டி சிராய்க்கும், ஆறும். நமக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மெஸ் அண்ணனுக்கு ஜீனெல்லாம் தேவைப்படவில்லை. 1950-களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் இந்த வியாதி வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் பக்க விளைவே ஆளைக் கொல்லும். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, மாசத்துக்கு மூன்று நாள் மட்டும் பெரிய டோஸை டிரிப்ஸில் ஏற்றுகிற முறையைக் கொண்டுவந்தார். இந்தியா முழுக்க அரசு மருத்துவமனைகளில் அது பரவி நிறைய பேரைக் காப்பாற்றியது. இப்போது ஆன்டிபாடி தயாரிக்கிற செல்களுக்கு முந்தின பி செல்களையே ஒழிக்கிற ரிடக்ஸிமாப் இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவில் இந்த வியாதிக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். அண்ணனுக்குக் கிடைத்தது மாதாமாதம் மூன்று நாள் டிரிப்ஸ்தான். ஒவ்வொரு மாசமும் பஸ் பிடித்துப் போய்ப் படுத்துவிட்டு வந்தார்.

நான் ஃபைனல் இயர் போனபோது அவர் திரும்பி மெஸ்ஸுக்கு வந்தார். முகம் ஸ்டீராய்டில் உப்பியிருந்தது. கழுத்தில் கருப்புத் தழும்பு, ஆனால் காய்ந்த தழும்பு. நான் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாளி என் பக்கத்தில் வந்து நின்றது.

"வார்டன் சார் அந்த லெட்டரைக் காட்டினாரு தம்பி" என்றார். "கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. "போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.